வாய்க்கால் தாண்டி வெட்டிய கொழுந்து

என் பெயர் ஹியோன் கில்ஜா. வயது 61. கணவர் பேருந்து ஓட்டுநர். வட சுங்சோங் மாகாணம், டல்கோல் கிராமத்தில் குடியிருக்கிறேன். இருபத்து மூன்று வருடங்களாக ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறேன். என் தோட்டத்தில் 310 மரங்கள் இருந்தன. இந்தக் காவல் நிலையத்தில் என் மேல் புகார் கொடுத்துள்ள பியோ இன்சிக்கின் தோட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ளது. அவர் எனக்கு உறவினர் இல்லை. என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

இந்த வருடம் மே 27ஆம் தேதி காலை சுமார் பத்து மணிக்கு நான் ஏணியில் நின்று பிஞ்சு கலைத்துக்கொண்டிருந்தபோது, இன்சிக்கின் தோட்டத்தில் மூன்றாவது வரிசை மரம் ஒன்றில் ஒரு கொழுந்து கருகி, நுனி கொக்கி போல வளைந்திருப்பதைப் பார்த்தேன். இலைகள் கருத்தும் உதிரவில்லை. மரத்துக்கு மரம் தொற்றும் தீக்கருகல் நோயாக இருக்கும் என்று தோன்றியதால் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பனி அடிச்ச கருகல் அண்ணி. முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க” என்றார்.

“பனின்னா ஒரு கொழுந்து மட்டுமா கருகும்? வேளாண் நிலையத்துக்கு ஒரு போன் போடு தம்பி” என்றேன்.

“போன் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? பள்ளம் தோண்டி எல்லா மரத்தையும் புதைப்பாங்க. எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான்.”

அது எனக்கும் தெரிந்ததுதான். அன்று நானும் போன் செய்யவில்லை.

அதன் பிறகு 29ஆம் தேதி பார்த்தபோது அந்தக் கொழுந்தைக் காணவில்லை. இன்சிக் அதை வெட்டிவிட்டு, கத்தரியைத் துடைக்காமல் அடுத்தடுத்த மரங்களில் கவாத்து செய்துகொண்டிருந்தார். மறுநாள் நண்பகலில் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, நான் வாய்க்காலைத் தாண்டி, அனுமதி இல்லாமல் அவர் தோட்டத்துக்குள் போனேன். அவருடைய நாய்க்கு என்னைத் தெரியும் என்பதால் குரைக்கவில்லை. அதே வரிசையில் புதிதாகக் கருகியிருந்த ஒரு கொழுந்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். அதன் காம்பில் தேன் நிறத்தில் ஒரு துளி கசிந்திருந்தது. அதன் பிறகு கத்தரியை ஆல்கஹாலில் கழுவி, கொழுந்தை இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு நகரத்திலுள்ள வேளாண் நிலையத்துக்குக் கிளம்பினேன். கணவர் ஓட்டும் பேருந்தில் ஏறவில்லை. அதற்கு அடுத்ததில் ஏறினேன். பேருந்திலிருந்து இன்சிக்குக்குப் போன் செய்து, “உன் மரத்துல ஒரு கொழுந்த வெட்டி எடுத்துட்டுப் போறேன்” என்று சொன்னேன். அவர், “இறங்கிடுங்க அண்ணி” என்றார். நான் இறங்கவில்லை.

அன்று மாலையே அது தீக்கருகல் நோய்தான் என்று சொன்னார்கள். மறுநாள் அதிகாரிகள் வந்து இரண்டு தோட்டங்களையும் சோதித்தார்கள். இன்சிக்கின் தோட்டத்தில் 11 மரங்களில் நோய் இருந்தது. என் தோட்டத்தில் கொட்டகைக்குப் பின்னால் 26 மரங்களில் இருந்தது. என் மரங்களின் பட்டையில் இருந்த குழிந்த தழும்புகள் இரண்டு வருடம் பழையவை என்றும், நோய் என் தோட்டத்திலிருந்துதான் பூக்காலத்துத் தேனீக்கள் வழியாக அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தத் தழும்புகளைக் குளிர் வெடிப்பு என்று நினைத்து, அவற்றின் மேல் மரக் காயங்களுக்கான பசை பூசியது நான்தான். இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அன்று பிற்பகல் இன்சிக் என் கொட்டகைக்கு வந்தார்.

“என் தோட்டத்த எட்டிப் பாக்கத் தெரிஞ்சுது. உங்க கொட்டகைக்குப் பின்னாடி எட்டிப் பாக்கத் தெரியலையா?” என்று கேட்டார். மறுநாள் அவர், நான் அனுமதி இல்லாமல் நுழைந்து கொழுந்தை வெட்டினேன் என்று இந்தப் புகாரைக் கொடுத்தார். அதில் எழுதியிருப்பது பொய் இல்லை.

ஜூன் 4ஆம் தேதி என் மரங்கள் முழுவதையும் புதைக்க ஆட்களோடு மண் தோண்டும் இயந்திரம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அதன் ஓட்டுநர் இரண்டு தடவை கேட்டார். என்னால் கையை நீட்டிக் காட்ட முடியவில்லை. அப்போது இன்சிக் வாய்க்காலைத் தாண்டி வந்து, “கிழக்கால இருந்து ஆரம்பிங்க” என்று ஓட்டுநரிடம் சொன்னார். என்னிடம், “அண்ணி, இங்க நிக்காதீங்க. போய் இவங்களுக்குச் சோறு ஆக்குங்க” என்றார். அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்ச் சோறும் சோயா விழுதுக் குழம்பும் செய்தேன். ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். இன்சிக்கும் சாப்பிட்டார். திரும்பிப் போனபோது சுண்ணாம்பு போட்டு மண்ணை மூடியிருந்தார்கள். மறுநாள் அவருடைய மரங்களைப் புதைத்தார்கள். அங்கே நான் கடைசி மரம் வரை நின்றேன். கிராமத்தின் மற்ற பதினான்கு தோட்டங்களிலும் நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்தின் வாசலில் இன்சிக் என்னைப் பார்த்து, “புகார வாபஸ் வாங்கிடவா?” என்று கேட்டார்.

“வேண்டாம். தாண்டினது தாண்டினதுதான்” என்றேன்.

“ஆப்பிள் இனி சில வருஷம் வைக்க முடியாது. பீச் பழ மரம் வைக்கலாம்ங்கறாங்க. எனக்கு அந்தப் பழத்தோல் சுணை பட்டாலே உடம்பெல்லாம் அரிக்கும்” என்றார்.

“முழுக்கை சட்டை போட்டுக்கோ. பறிக்கிறப்ப நான் வரேன்” என்றேன்.

இவை அனைத்தும் நான் என் வாயால் சொன்னவை, உண்மையானவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் ‘முன்விரோதம் காரணமாக’ என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்திலும் கையெழுத்து போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ஹியோன் கில்ஜா