பதினோரு சட்டைகளும் ஒரு சான்றிதழும்

பேச்சைச் சுருக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பெருமைமிகு தலைவர் பகவதிப்பெருமாள் அவர்களே! அனந்தபுரித் தமிழ் மன்றத்தின் ஆன்றோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! சட்டை அணிந்து வந்திருக்கும் சான்றோரே! உங்கள் அனைவரையும் செயலாளன் கல்யாணராமன் கைகூப்பி வரவேற்கிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? செய்தி அதற்குள் பரவிவிட்டதா? பரவட்டும். நடந்ததை என் வாயாலேயே உரைத்துவிடுகிறேன்.

சென்ற சனிக்கிழமை, பசுமைக் கட்டடங்களைப் பார்க்கப் புறப்பட்டோம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். மின்சாரப் பேருந்தில் ஏறினோம். சத்தமே இல்லை! "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா வே?" என்று நண்பர் தாணுமாலையன் கேட்டபோது, வண்டி பாளையத்தைத் தாண்டியிருந்தது.

கழக்கூட்டத்தில் இறங்கினோம். அங்கே ஒரு மூன்று மாடி அலுவலகம். கூரையெங்கும் சூரியத் தகடுகள். உள்ளே ஏசி என்ற பேச்சே இல்லை. கட்டியவர் ஜிபின் என்னும் இளம் பொறியாளர். அன்றுதான் அதற்குப் பசுமைச் சான்று வழங்க ஆய்வாளர் வருகிறார். சான்று கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையே சுவரைத் துளைத்து ஏசி மாட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் தொங்கியது.

"சாரே, செருப்பு மட்டும் ஊரி வச்சிட்டு வரணும், கேட்டோ" என்றார் ஜிபின். கழற்றினோம். காலடியில் குளிர்ந்த கருங்கல், எதிரே உயர்ந்த தூண்கள், நடுவே குளம், அப்பால் அரையிருட்டு. அன்பர்களே, அங்கே கோயில் வாசலிலேயே குடியிருக்கும் கிழக்கேகோட்டைக்காரன் கை எங்கே போகும்? சட்டைப் பொத்தானுக்குத்தானே போகும்! கோயிலுக்குள் சட்டையோடு போய்ப் பழகாத உடம்பு யாரைக் கேட்டுக் கழற்றும்? செயலாளன் கழற்றினேன். செயலாளனே கழற்றிவிட்டான் என்று பின்னால் வந்த பத்துப் பேரும் கழற்றினார்கள். தலைவரே, தாங்களுந்தான்! முகத்தைத் திருப்ப வேண்டாம்.

"அய்யோ! எந்தா சாரே இது? ஷர்ட் இடு, வேகம் இடு!" என்று சட்டையைப் போடச் சொல்லி ஜிபின் அலறவும், ஆய்வாளர் சுசீலாபாய் அம்மையார் நுழையவும் சரியாக இருந்தது. பதினோரு வெற்று மார்புகளைக் கண்டார். பேனாவைத் திறந்தார்.

"அகத்து இத்தனை சூடா? விசிட்டர்ஸ் ஷர்ட் வரை ஊரிட்டாங்களே!"

ஜிபின் வெப்பமானியைக் காட்டினார். "மெஷின் சொல்றது இருக்கட்டும். மனுஷருக்குச் சுகமாணோன்னுதான் நான் எழுதணும்" என்றார் அம்மையார். நான் விளக்கிப் பார்த்தேன். ஏழை சொல்லே அம்பலம் ஏறாது; சட்டையில்லாதவன் சொல்லா ஏறும்? ஜிபின் முகம் வெளுத்தது. என்னால் ஒரு பிள்ளையின் உழைப்பு பாழாயிற்றே என்று வெட்கத்தில் குறுகிப்போனேன்.

அப்போது, கூட வந்திருந்த பெண்கள் நடுவிலிருந்து புறப்பட்டாள் என் மனைவி சுப்புலக்ஷ்மி! என் கையைத் தரதரவென்று இழுத்து நீட்டினாள். "மேடம், செத்தத் தொட்டுப் பாருங்கோ. சூடு தாங்காத உடம்பா இது? பலாப்பழத் தோலாட்டம் சிலிர்த்துண்டு நிக்கறது!"

தொட்டார் அம்மையார். அடுத்த கையைப் பார்த்தார். அடுத்த தோளைப் பார்த்தார். வெயிலில் வந்த வியர்வைமேல் குளத்துக் காற்று பட்டு, பதினோரு உடம்பும் புல்லரித்து நின்றன! "என் சட்டைய எடுத்துத் தாங்கடே!" என்று பல் தந்தியடிக்கத் தாணுமாலையன் கெஞ்சினார். வாழ்நாளில் முதன்முறையாக என் தேகம் ஒரு தஸ்தாவேஜு ஆயிற்று.

சுசீலாபாய் சிரித்தார்; எழுதியதை அடித்தார்; சான்றில் கையெழுத்திட்டார். ஜிபின் சுவரைத் தடவித் தடவி அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

பெரியோர்களே! நம் மண்டபத்துக்கு ஆறு ஏசி வாங்கும் தீர்மானம் தலைவரின் மேசைமேல் இருக்கிறது. வெயில் நம் கூரைமேல் விழவில்லையா? காற்று நம் கதவைத் தட்டவில்லையா? கட்டத் தெரிந்தவர் நம் ஊரில் இல்லையா? என்ன, பின்வரிசையில்? "வேர்க்கிறதே" என்கிறீர்களா? வேர்க்காதா பின்னே! தெற்கு ஜன்னலை மறைத்துக் பரிசுக் கேடயங்கள் அடுக்கிய பீரோவை வைத்தது யார்? நாம்! நாம்! நாமேதான்! வாருங்கள் நாலு பேர். தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். ஜன்னலைத் திறங்கள்.

ஆகா! வந்தது பாருங்கள் காற்று! தலைவரே, தீர்மானத் தாள் பறக்கிறது. விடுங்கள், பிடிக்காதீர்கள்! தள்ளிய தோள்களுக்கு என் நன்றி. வந்த காற்றுக்கு என் வணக்கம்!