சேக்காட்டு லைன்

— டிஸ்க்ல மட்டும் கை வைக்காத மேக்ஸு. வேற இன்னா சொன்னாலும் செய்றேன்.

— வேற வழி இல்ல அங்கிள். ஜனங்க நெட்டுல பார்க்கிற பக்கம், பாட்டு எல்லாத்தையும் இந்தப் பொட்டி சேத்து வைக்குது. சேத்தது ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு மெமரி ஞாபகம் வச்சிக்கணும். நீங்க இவ்ளோ பெரிய டிஸ்க்கை மாட்டிட்டீங்க. மெமரி திணறுது. பருத்திப்பட்டு பூரா நம்ம நெட்டு நத்தையா நகருது.

— மெமரி வாங்கிப் போடு.

— போர்டுல இடம் இல்ல. டிஸ்க்கைப் பாதியாக் கொறைக்கணும்.

— கொறைச்சா எது போவும்?

— ரொம்ப நாளா யாரும் கேக்காதது மொதல்ல போவும்.

— அதான் நைனா. ரெனிதா பாட்டு போயிடும்.

— உங்க போன்லதான் அது இருக்கே அங்கிள்.

— அது எனக்கு. நான் சொல்றது உங்க ஆன்ட்டிக்கு. எம்பொண்ணு பாடினதைப் போட்டு வச்சிருந்த சைட்டை கோயில் கொயர் பசங்க எப்பவோ மூடிட்டாங்க. நம்ம பொட்டியிலதான் கீது. எம்பொண்ணை அடக்கம் பண்ணப்புறம் ஞானசௌந்தரி சேக்காட்டுக்குப் போயிட்டா. என்னாண்ட பேச்சே இல்ல. ஆனா தெனம் காலையில அந்த ஊட்டு லைன்லேர்ந்து பாட்டைக் கேப்பா. நான் இங்க ஒக்காந்துகினு பொட்டி லிஸ்ட்ல பார்ப்பேன். எழுந்துட்டா, உசுரோட கீறான்னு தெரியும். அது போதும் எனக்கு.

— இப்பவும் கேக்குறாங்களா?

— பொங்கல்லேர்ந்து கேக்கல. ஒடம்புக்கு இன்னாவோ. திரும்ப வந்து கேக்கறப்ப இல்லைன்னு வரக்கூடாது. அதுக்குத்தான் பெரிய டிஸ்க்கே வாங்கினேன்.

— அங்கிள், ஆன்ட்டி எப்பவுமே கேக்கல.

— இன்னா சொல்ற?

— சேக்காட்டுக்குப் போன அன்னிக்கே மோடத்தை எங்கிட்ட குடுத்துட்டாங்க. ஊட்ல எந்தப் பாட்டும் வேணாம்னாங்க. அது எங்க ஊட்லதான், சேக்காட்டு லைன்னு அதே பேர்ல ஓடுது.

— அப்ப தெனம் கேட்டது?

— நான்தான்.

— நீ எதுக்குடா எம்பொண்ணு பாட்டை...

— கிறிஸ்மஸ் கழிச்சி உங்க கிட்ட வந்து பேசலாம்னு ரெனிதா சொல்லிச்சி. அதுக்குள்ள காய்ச்சல் வந்து...

— ஒக்காருடா. நின்னுகினே இருக்காத.

— பரவால்ல அங்கிள்.

— பொங்கல்லேர்ந்து ஏன் கேக்கல?

— இந்த ஞாயித்துக்கெழம கோயில்ல எனக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க அங்கிள்.