சிமிட்டிய விளக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். வெகுநாள் கழித்துச் சந்தித்த பழைய அக்கம்பக்கத்தார் என்பது பேச்சில் தெரிந்தது. சூளகிரி தாண்டியதும் மூத்தவள் சொன்னாள்.

“லாரிக்காரன் மேல தப்பில்லன்னு கோர்ட்டுல நானேதான் சொன்னேன்.”

“உங்க வீட்டுக்காரர் தவறிப்போன ஆக்சிடென்ட் கேஸ்லயா அக்கா?”

“ஆமா. லாரி லைட்டு சிமிட்டிக்கிட்டே இடது பக்கம் ஒதுங்குச்சி. இவரு அந்தப் பக்கமாவே காரை முந்த விட்டாரு. அவ்ளோ உசரத்துல உக்காந்திருக்கறவனுக்குப் பக்கத்துல கீழ வர்ற காரு எங்க தெரியும்?”

“வக்கீல் ஒண்ணும் சொல்லலியா?”

“லைட்டு போடலன்னு மட்டும் சொல்லும்மான்னாரு. அந்த டிரைவர்தான் கதவ நெம்பி என்னை வெளிய இழுத்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவரு தலையத் தாங்கிப் புடிச்சிருந்தான். கோர்ட்டுல அவன் எதுருலயே நிக்கறான். எப்படிப் பொய் சொல்றது?”

“பையன் என்ன சொல்றான்?”

“அப்பாவக் குத்தவாளி ஆக்கிட்டேங்கறான். பேச்சே இல்ல. சோறு போட்டு வெச்சா எடுத்துச் சாப்பிடறான், அவ்ளோதான்.”

மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மேலே சொன்னாள்.

“கடைசியா ஒண்ணு கேட்டான். லைட்டு சிமிட்டறது உனக்குத் தெரிஞ்சிருக்கே, அப்பாகிட்ட ஏன் சொல்லலன்னு.”

“நீங்க சொல்லலியா அக்கா?”

“சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். வாய மூடிக்கிட்டு வாடின்னாரு.”

“அத அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“வேணாம். அவன் அப்பாவப் பத்தி நான் சொன்ன வரைக்கும் போதும்.”