கருவாயனுக்குக் கொடுத்த மாத்திரைகள்

பெயர் சம்பூர்ணம், வயது 42, கணவர் சடையன் (காலமாகிவிட்டார்), தொழில் மீன் வியாபாரம், இருப்பு மேட்டுக்குப்பம், மாமல்லபுரம் அஞ்சல், செங்கல்பட்டு தாலுகா. 12.3.1976 காலை காவல் நிலையத்துக்குத் தானாக வந்து கூறியது.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். பிள்ளைகள் இல்லை. கருவாயன் என்ற நாய் ஒன்பது வருடமாக என்னுடன் இருந்தது. என் கணவர் கடலோடு போன பிறகு வீட்டில் என் பேச்சைக் கேட்க இருந்தது அது ஒன்றுதான். சென்ற வாரம் கரையேற்றிய கட்டுமரம் உருண்டு அதன் பின்னங்காலில் விழுந்தது. அது முனகுவதைக் கேட்கச் சகிக்காமல், என் இடுப்பு வலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியைக் கவலை மீனின் வயிற்றில் வைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் எழுந்து நடந்தது. அதன் பிறகு, எனக்கு ஒத்துக்கொள்வது அதற்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்து, வேளைக்கு ஒன்றாக மூன்று வேளையும் கொடுத்து வந்தேன். மூன்றாம் நாள் அது சோற்றைத் தொடவில்லை, கறுப்பாகக் கழிந்தது. வலி கூடிவிட்டது என்று எண்ணி, இரண்டு மாத்திரையைக் கஞ்சியில் கரைத்து வாயில் ஊற்றினேன்.

அப்போது பக்கத்து வீட்டு தர்மராஜ் பார்த்துவிட்டு, “யக்கா, மன்சன் துன்ற மாத்திரைய நாய்க்குக் குடுக்காத. இப்டியே குடுத்துகினு இருந்தா ரெண்டு நாள்ல செத்துப்பூடும் பாரு. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ” என்றான். கருவாடு காயவைக்கும் இடத்துக்காக அவனுக்கும் எனக்கும் பழைய தகராறு. “உன் சோலிய பாத்துகினு போடா” என்று விரட்டிவிட்டேன்.

10ஆம் தேதி காலை கருவாயன் ரத்த வாந்தி எடுத்து என் மடியிலேயே செத்தது. அதன் பிறகு நான் புத்தி கெட்டுப்போய், தர்மராஜ் விஷம் வைத்துவிட்டான் என்று புகார் கொடுத்தேன். “ரெண்டு நாள்ல செத்துப்பூடும் பாரு” என்று மிரட்டினான் என அதை மட்டும் எழுத வைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவன் சொன்னதைச் சொல்லவில்லை. அன்றே அவனைப் பிடித்து வந்தார்கள்.

நேற்று நாயை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், விஷம் எதுவும் இல்லை, மாத்திரையால் வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் கசிந்து இறந்திருக்கிறது என்றார். நம் வலி மாத்திரையை நாமாக நாய்க்குக் கொடுக்கவே கூடாது, அதன் எடை பார்த்து மருத்துவர் தருவதைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எழுத்தில் அறிக்கை வர ஒரு வாரம் ஆகுமாம், அதுவரை தர்மராஜை விடமாட்டார்களாம். தர்மராஜின் மனைவி வசுமதி நிறைமாத வயிற்றோடு இரண்டு நாளாக இந்த நிலைய வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தேன். கம்பிக்குப் பின்னால் நின்ற தர்மராஜ், “நாயப் பொதச்சிட்டியா யக்கா?” என்று மட்டும் கேட்டான்.

என் நாயைக் கொன்றது நான்தான். அவனை இன்றே விட்டுவிட்டு என்னை உள்ளே வைக்கும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. இந்த முறை எதையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

சம்பூர்ணம்
(இடது பெருவிரல் ரேகை)