மருந்து ஏத்தப் போனவர்

ஹலோ... ஹலோ, அண்ணி? நான்தான், ஷாமளா... ஆமா, ஆமா, வேலையிலதான் இருக்கேன். சாப்பாட்டு நேரம். பேக்டரி வாசல்ல காடிக் கதவ மூடிக்கிட்டு உள்ள ஒக்காந்து பேசுறேன்... இல்ல, கேண்டீன்ல ஆளுங்க இருக்காங்க, அதான்... சாப்ட்டேன், சாப்ட்டேன். நீங்க?... கஞ்சியா? இந்த வெயில்லயா? ஒடம்பு சரியில்லயா அண்ணி?... உங்களுக்கு இல்லயா? பின்ன யாருக்குக் கஞ்சி?...

சும்மாதான் கேட்டேன்.

அண்ணி, உங்க தம்பி திரு அங்க வந்தாரா?... இன்னைக்கின்னு கேக்கல. இந்த ரெண்டு மாசத்துல... தீபாவளிக்கு வந்தது எனக்கும் தெரியும், நானும்தானே கூட வந்தேன். அதுக்கப்புறம்?... போன்லயும் பேசலயா?... வரவும் இல்ல, பேசவும் இல்ல. சரி... சரி லா, நம்புறேன்.

ஏன் கேக்குறேன்னா, காலையில ஜேபி ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. மிஸ்ஸி நஜ்வா... அந்தக் குடல் கிளினிக் நர்ஸ் அண்ணி, நான் சொல்லியிருக்கேன்ல. ‘உங்க வீட்டுக்காரர் ஏன் வரல’ன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எதுக்கு வரலன்னு நான் திருப்பிக் கேக்குறேன்... அந்தப் புது மருந்து ஏத்துறதுக்குத்தான். மொத தடவ நான் கூடப் போனேன். ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது. அதுக்கு ஆளே போகலயாம். பாவம்னு அவங்க வேற ஒரு நாள் குடுத்தாங்களாம். அதுக்கும் போகல!...

இருங்க, இருங்க, நான் முடிச்சிடுறேன். அந்த ரெண்டு நாளும் காலையில குளிச்சு, கிளினிக் அட்டைய சட்டப்பையில வச்சுக்கிட்டு மனுசன் கெளம்புனாரு. நான்தான் தண்ணி பாட்டில் குடுத்து அனுப்புனேன். சாயங்காலம் வந்து, ‘ஏத்திட்டாங்க ஷாமா, கை வலிக்குது’ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாரு. கையில பிளாஸ்திரி அண்ணி! ஊசி குத்துற எடத்துல, பஞ்சு வச்சு, அப்டியே ஆஸ்பத்திரியில ஒட்டுற மாதிரி...

நீங்க ஒட்டுனீங்கன்னு நான் சொல்லவே இல்லயே. ஏன் பதறுறீங்க?...

ம்... ம்... எனக்கு மட்டும் தெரியுமா எங்க போனாருன்னு? என்னென்னமோ தோணுது. வேற யாராச்சும் பொம்பள... சிரிக்காதீங்க அண்ணி. ஒரு நாளைக்குப் பத்து தடவ வயித்தப் புடிச்சுக்கிட்டு டாண்டாஸ்க்கு ஓடுற மனுசனுக்குப் பொம்பள எங்கன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா பஞ்சு வச்சுப் பிளாஸ்திரி ஒட்டத் தெரிஞ்ச ஆளு வேற என்னதான் செய்ய மாட்டாரு?...

என்னது?... எலியா?... மறுபடி சொல்லுங்க... ‘எலியிலேர்ந்து எடுத்ததெல்லாம் ஏத்துனா ஒடம்பு எப்டித் தேறும்.’ ம். ம்.

அண்ணி, இந்த எலிக் கத உங்களுக்கு எப்டித் தெரியும்?

...யூடியூப்ல பாத்தீங்களா? நீங்க அதுல கோலம் மட்டும்தானே பாப்பீங்க... இல்ல, கேளுங்க. அது மிஸ்ஸி நஜ்வா எங்க ரெண்டு பேருக்கும் சொன்னது. ரூம்ல நாங்க மூணு பேருதான். முன்ன ஏத்துன மருந்துல கொஞ்சம் எலிப் புரதம் இருக்கும், அவரு ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, அதான் ரெண்டு வருசத்துல பலன் போயிடுச்சுன்னு சொன்னாங்க. இப்ப குடுக்குறது வேற மருந்து, குடல்லதான் அதிகமா வேல செய்யும்னாங்க. அவங்க இத எப்பச் சொன்னாங்க தெரியுமா? மொத தடவ ஏத்துன அன்னைக்கி. தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு.

வரவும் இல்ல, பேசவும் இல்லன்னீங்களே. அப்ப எலி எப்டி லாயாங் லாயாங்ல இருக்குற உங்க வீடு வரைக்கும் வந்துச்சு?

...

ஹலோ? அண்ணி?... அழுவாதீங்க. அழுவாம சொல்லுங்க... ஆமா... ஆமா... ரெண்டு நாளும் அங்கதானா? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்?... பிளாஸ்திரி அவரே ஒட்டிக்கிட்டாரா. கெட்டிக்காரருதான்... என்ன, இப்பவுமா? இப்ப, இந்த நேரம், உங்க வீட்லயா? அலாமாக்! ஸ்டோர் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுல்ல காலையில மோட்டார எடுத்தாரு!... அப்ப கஞ்சி அவருக்குத்தானா...

சரி, இன்னொண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. அந்தக் கறுப்பு மாத்திர யாரு குடுத்தா?... தெரியாதுன்னு சொல்லாதீங்க. அவரு பையில டப்பாவப் பாத்துட்டேன். பேரும் இல்ல, எங்க செஞ்சதுன்னும் இல்ல... ரெங்கம் பசார்லயா? நீங்கதான் வாங்குனீங்களா?... நல்லா சாப்புடுறாரு, வலி இல்ல, கன்னமெல்லாம் சத புடிச்சிருக்கா? அது சத இல்ல அண்ணி, மொகம் ஊதியிருக்கு. நானும் தேறிட்டாருன்னுதான் சந்தோசப்பட்டேன், புது மருந்து கேக்குதுன்னு! நேத்து டப்பாவப் போட்டோ எடுத்து வச்சேன், காலையில போன் வந்ததும் மிஸ்ஸிக்கு அனுப்புனேன். உள்ள ஸ்டிராய்டு கலந்திருக்கலாம், டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்னாங்க. அப்டி இருந்தா வலி அடங்குன மாதிரி இருக்கும், உள்ள புண்ணு அப்டியே கெடக்குமாம்... இல்ல, இல்ல, தூக்கிப் போட்டுடாதீங்க! சட்டுன்னு நிறுத்தவும் கூடாதாம். டப்பாவோட ஆளக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க.

உங்களத் திட்டல அண்ணி. தம்பி மேல ஆச இல்லாமயா வாங்குனீங்க... ஆமா, ஆமா, தெரியும்... கேளுங்க, இன்னைக்கி நாலு மணிக்குள்ள போனா டாக்டர் பாத்துட்டு, சரின்னா மருந்து ஏத்துவாங்க. இந்த மருந்துக்கு மேலிடத்துக்கு எழுதிப் போட்டு அனுமதி கெடைக்க ஏழு மாசம் ஆச்சு. இன்னைக்கும் வரலன்னா வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும்னு சொல்லிட்டாங்க. அவருகிட்ட போன் குடுங்க... தூங்குறாரா? நம்ம பேச ஆரம்பிச்சதுமே முழிச்சிருப்பாரு. குடுங்க.

...

என்னங்க.

...இல்ல, கத்தல. திரு, நான் கத்தல. ஏன்னு மட்டும் சொல்லுங்க... ஊசிக்கா பயம்? அதெல்லாம் இல்ல, எனக்குத் தெரியாதா... பின்ன?...

கேட்டீங்களா? அன்னைக்கி நான் டாக்டர்கிட்ட பேசுனப்ப கதவுக்கு வெளிய நின்னீங்களா?... அதான் இத்தன நாளா என்னைய ஒரு மாதிரி பாத்துக்கிட்டு இருந்தீங்களா! நான் என்னடான்னா... ஆமா, சொன்னாரு. இதுவும் கேக்கலன்னா ஆப்பரேசன் பண்ணி, மலம் போறதுக்கு வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்னு சொன்னாரு. நான் சரின்னு சொன்னதும் உண்மதான்... இல்லங்க. இல்லவே இல்ல. ‘சரி டாக்டர், அத அப்ப பாத்துக்கலாம், இப்ப மருந்த ஏத்துங்க’ன்னேன். நீங்க ‘சரி’யோட கெளம்பிட்டீங்க போல... சத்தியமா... வேணும்னா மிஸ்ஸியக் கேளுங்க, அவங்களும் இருந்தாங்க.

உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்புதான். பயந்துடுவீங்கன்னு...

...ம். புரியுது. மருந்த ஏத்தாமலே இருந்தா அது தோக்காது, பையும் வைக்க வேணாம். அதானே?... ம்...

உண்மையச் சொல்லவா? கேக்குமான்னு எனக்குத் தெரியாது. மிஸ்ஸியும் உறுதி சொல்லல. செல பேருக்குப் பலன் தெரிய மூணு மாசம் ஆகும், செல பேருக்குக் கேக்காமலும் போகும்னாங்க. ஆனா ஒரு தடவ ஏத்திட்டு ஓடிப் போனவருக்கு நிச்சயமா கேக்காது... சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?... பை வச்சாலும் நீங்க நம்ம வீட்டுக்குத்தானே வருவீங்க. நான் வேற எங்க போய் சண்ட போடுறது?...

என்ன, நீங்களே போறீங்களா? தனியாவா? ம்ஹூம். ரெண்டு தடவ அப்டித்தான் போனீங்க... நம்பல. இன்னைக்கி நம்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. நானே வர்றேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன், அரை மணி நேரத்துல அங்க இருப்பேன். அண்ணிகிட்ட குடுங்க.

...

அண்ணி, வாசல் கேட்டப் பூட்டுங்க. மோட்டார் சாவி உங்க கையில இருக்கட்டும்... வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமாத்தான்... பின்கதவும்... ஆமா, ஆமா, அந்த டப்பாவ ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வைங்க. என்ன பண்றாரு இப்ப?... சட்ட மாத்துறாரா? தானாவா?... எந்தச் சட்ட?... முழுக்கையா? அது மணிக்கட்டுல இறுக்கும் அண்ணி, மேல மடிக்க வராது. ஊசிய எங்க குத்துவாங்க? அரைக்கை ஏதாச்சும் இருக்கா?... உங்க வீட்டுக்காரர் சட்டயா? அது அவருக்குத் தொளதொளன்னு இருக்குமே...

பரவால்ல, அதையே குடுங்க. காடிய எடுக்குறேன். வச்சிடுறேன், அண்ணி.