சாம்பல் கழுவின மடு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ரோடும் கிடையாது லைட்டும் கிடையாது, இதே கருக்குப்பட்டியில இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். கரி மூட்டம் போடுறவ. எங்க வம்சத்துக்காரிதான். கோயில் பூக்குழிக்கு அவ கரிதான் போகும்.

அப்ப நாட்டாமையா இருந்தவன் மயிலேறி. அவன் பேரைச் சொன்னா எனக்கு இப்பவும் வாய் கசக்குது. வருசா வருசம் அவன்தான் முதல்ல குழி இறங்குவான். எப்ப இறங்குவான்? நெருப்பு மேல சாம்பல் வெள்ளையா மூடினப்புறம் இறங்குவான். சாம்பல் மூடினா அவ்வளவாச் சுடாதுல்ல? ஊரு அவனைச் சாமியாக் கும்பிட்டுச்சாம்.

ஒரு வருசம் அம்மனோட தங்கப் பொட்டு காணாமப் போச்சு. எடுத்தவன் அவனே. பழியை இருளாயி தம்பி சோணை மேல போட்டான்.

"நெஞ்சுல களவு இல்லேன்னா கால் சுடாதுடா. இறங்கு!"ன்னானாம்.

சோணை இறங்குறப்ப மட்டும் ஆளுகளை விட்டு முறத்தால வீசி, சாம்பலைப் பறக்கடிச்சான். பாவிப்பய! கால் வெந்து, புண்ணு புரையோடி, செத்தே போனான் சோணை.

இருளாயி அழலையாம். கட்டை வெட்டினா. பட்டையை உரிச்சா, ஒரு துணுக்கு விடாம உரிச்சா. சாம்பலாப் போற உப்பும் மண்ணும் பட்டையிலதான் அதிகம்னு கரிக்காரிக்குத் தெரியாதா? உரிச்ச கட்டையை இந்த ஓடை மடுவுல அமுக்கி, மிச்ச உப்பும் கரைஞ்சு போகட்டும்னு மழைக்காலம் பூரா ஊறவிட்டா.

"என்னடி, கட்டையைக் குளிப்பாட்டுற?"ன்னு கேட்டாகளாம்.

"நாட்டாமை கால் படப்போற கரியாச்சே, சுத்தமா இருக்க வேணாமா?"ன்னாளாம்.

அதைக் காயவச்சு மூட்டம் போட்டு, அந்தக் கரியைத்தான் குழிக்குக் கொடுத்தா. திருவிழா வந்துச்சு. குழி கனிஞ்சுச்சு. மயிலேறி மாலையும் கழுத்துமா நின்னான். சாம்பல் மூடட்டும்னு நின்னான். மூடலை. பொழுது சாயுற வரைக்கும் நின்னான். மூடலை. செக்கச்செவேல்னு கனன்னுக்கிட்டே கிடக்கு. மேளக்காரனுக்குக் கை ஓஞ்சு போச்சு. ஊரே அவனைப் பாக்குது.

இருளாயி முன்னால வந்தா. "அய்யா, ஏன் நிக்கிறீக? நெஞ்சுல களவு இல்லேன்னா கால் சுடாதுல்ல? இறங்குங்க."

இறங்காட்டி அவன்தான் கள்ளன். இறங்கினான். நடுக்குழியில அலறினானே பாக்கணும், "நான்தான் எடுத்தேன், தூக்குங்கடா!"ன்னு. ஒருத்தனும் கை கொடுக்கலை. தவழ்ந்து கரையேறினவன், சாகுற வரைக்கும் தவழ்ந்துதான் கிடந்தானாம். நல்லா வேணும்.

அதுலருந்து இதுக்குச் சாம்பல்கழுவி மடுன்னு பேரு. புதுசா நாட்டாமை ஆகுறவர் கையில, எங்க வீட்டுல இருந்து ஒரு உரிச்ச கட்டையைக் கொடுப்போம். அதை அவர் இந்த மடுவுல முக்கணும். முக்கும்போது கட்டையை யாரும் பாக்க மாட்டோம், அவர் மூஞ்சியைத்தான் பாப்போம்.