மீனம்மா கீறின கால்கள்

இல்லை சேர், கருத்தரங்கில கதைக்கிற ஆக்களின்ர லிஸ்டில இருந்து என்ர பேரை வெட்டிவிடுங்கோ. பிள்ளை வளர்ச்சியைப் பற்றி மற்ற ஆசிரியர்மாருக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஓம், பயிற்சிக் கலாசாலையில உங்கட பாடத்தில நான்தான் முதல். அதுதானே வினை.

ரீயைக் குடியுங்கோ, சொல்லுறன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாசம். அதுக்கு முதல் வருஷக் கலவரத்தில மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில இருந்து ஓடிவந்த சனம் இஞ்ச கண்டாவளைப் பக்கம் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தது. வடிவம்மா எண்டு ஒரு மனுசி, புருஷன் இல்லை, வயல் வேலைக்குப் போறவா. தன்ர மகள் மீனம்மாவை என்ர ரெண்டாம் வகுப்பில கொண்டுவந்து விட்டவா. எட்டு வயசு. வாய் திறக்காது. அடிச்சாலும் அழாது. ஓம் சேர், அடிச்சனான்.

கொப்பியில படம் மட்டும் கீறும். எல்லாப் பக்கத்திலயும் கால். ஆறு கால் நிக்கும், ரெண்டு கால் படுத்துக் கிடக்கும். தலை இல்லை, உடம்பு இல்லை. நீங்கள் எங்களுக்குப் படிப்பிச்சது என்ன? பிள்ளை முதல்ல ஒரு வட்டம் கீறி அதில கால் வைக்கும், பிறகு உடம்பு, பிறகு கை, விரல். எட்டு வயசில முழு மனுசன் வரவேணும். உங்கட நோட்ஸை விரிச்சு வைச்சு ஒத்துப் பாத்தன். தலையே கீறாத பிள்ளைக்கு அதில இடமே இல்லை. நாலு வயசுக்கும் கீழ எண்டு அறிக்கை எழுதினன். வடிவம்மாவைக் கூப்பிட்டு, இதுக்குப் படிப்பு ஏறாது, ஒரு வீட்டு வேலைக்கு விட்டா நேரத்துக்குச் சாப்பாடாவது கிடைக்கும் எண்டனான். மனுசி கும்பிட்டுப்போட்டு, நீங்க சொன்னா சரிங்க சார் எண்டவா.

வவுனியாவில ஒரு வீடு. வசதியான ஆக்கள், கொடுமையொண்டும் இல்லை. ஆனா பிள்ளை பாயில படுக்காதாம், கட்டிலுக்குக் கீழ போய்ச் சுருண்டு கிடக்குமாம். வெளியில இழுத்தா கையைக் கடிக்குமாம். எனக்குக் கடிதம் வந்தது. சின்னப்பிள்ளைப் புத்தி, கண்டிச்சா மாறும் எண்டு பதில் போட்டன். கட்டிலடியைப் பெட்டியள் வைச்சு அடைச்சிருக்கினம். அடுத்த கிழமை பிள்ளையைக் காணேல்லை.

பொலிஸில சொன்னம். பஸ் ஸ்ராண்ட், ரயில் ஸ்ரேசன், கோயில் மடம் எல்லாம் தேடினம். கிடைக்கேல்லை சேர். இண்டு வரைக்கும்.

வடிவம்மாவிட்டச் சொல்லப் போகேக்க வெறுங்கையோட போகப் பயமாக் கிடந்தது. அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனன். அவா விரிச்சுப் பாத்தா. படுத்துக்கிடந்த ரெண்டு காலையும் விரலால தடவினா. இது அவங்க அப்பா சார் எண்டா. புள்ளைய கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு லயத்து வீட்டு வாசல்ல போய் நின்னாரு சார், அவ அங்க இருந்து பாத்தது இவ்வளவுதான் எண்டா.

படம் சரியாத்தான் சேர் இருந்தது. கண்டதைக் கண்டபடி கீறின பிள்ளை. என்ர வகுப்பில வேற ஒருத்தரும் அப்பிடிக் கீறினதில்லை.

இப்பவும் ஒவ்வொரு தை மாசமும் இலவசப் புத்தகம் குடுக்கேக்க வடிவம்மா பிள்ளையளோட லைனில நிப்பா. மீனம்மா இப்ப எத்தனையாம் வகுப்பு சார் எண்டு கேப்பா. இந்தமுறை எட்டாம் வகுப்பு எண்டன். புத்தகத்தில பேரும் எழுதிக் குடுத்தன். எழுதாட்டில் போகமாட்டா.

ஆர்ர வீடோ? வவுனியா வீடோ? என்ர அக்காவின்ர வீடு சேர். அவாவுக்கு அப்ப வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான்தான் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய் விட்டனான். வழி முழுக்க என்ர சேட் நுனியைப் பிடிச்சுக்கொண்டு வந்தது. வாசலில வைச்சு அக்கா கேட்டவா, பிள்ளை பயந்தமாதிரி நிக்குது, என்னடா எண்டு. அது ஒண்டும் விளங்காத பிள்ளை அக்கா, அதுக்குப் பயமெல்லாம் தெரியாது எண்டு சொன்னனான்.